ஏழு மணிக்குக் காட்டிய வீடு

ஒரு மனிதனை எடைபோட பஸ் டிரைவரிடம் இருந்தது ஒரே படிக்கல்தான்: சொன்ன நேரத்துக்கு வருகிறானா, இல்லையா? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டெப்போவை விட்டு வண்டியைத் தாமதமாக எடுத்ததே இல்லை. தன் கல்யாணத்துக்கு நேரம் கழித்து வந்த சொந்த மச்சானிடம் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசாத ஆள். இப்படிப்பட்டவர் வீட்டுப் புரோக்கரை எப்படிப் பொறுக்கியிருப்பார் என்று சொல்லவா வேண்டும்!

வீடு அவருக்காக அல்ல, மனைவிக்காக. அந்த அம்மாள் தையற்காரர். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் தைத்த சீருடையில்தான் போய்வந்தார்கள். முதுகில் ஆபரேஷன் நடந்த பிறகு இரண்டு கால்களும் விளங்காமல் போயின. கையில் பலம் இருந்தது, வாயில் அதைவிட அதிகமாக இருந்தது. சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அடுப்படிக்கும் தையல் மெஷினுக்கும் போய்வருவார். ஆனால் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். "மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறதுக்கு நான் உள்ளேயே கிடந்துடறேன்" என்று சொல்லி, தெருவுக்கு வருவதையே அவர் விட்டுவிட்டார். தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கி, அவர் யார் தயவும் இல்லாமல் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட வேண்டும். டிரைவருக்கு அதைத் தவிர வேறு ஆசை கிடையாது.

இரண்டு புரோக்கர்கள் வீடு தேடினார்கள். பட்டப்பெயர் வைத்தது மனைவிதான். ஒருவர் 'கடிகாரம்'. காலை ஏழு மணி என்றால் ஏழுக்குக் கதவு தட்டப்படும். வெளியே இஸ்திரி கலையாத சட்டையோடு நிற்பார். இன்னொருவர் 'வந்துட்டேன்'. போன் செய்தால், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பார். ஆள் வந்து சேர்வதற்குள் டிரைவருக்கு டூட்டி நேரம் ஆகிவிடும். வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டு, அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன் என்று எப்போதும் ஒரே சாக்குச் சொல்வார். வீட்டைப் பார்க்கச் சொன்னால் தெருவை வேடிக்கை பார்க்கிறானாம் என்று டிரைவர் பொருமுவார்.

ஒரு நாள் டிரைவர் வேலைக்குப் போன பிறகுதான் 'வந்துட்டேன்' வந்து சேர்ந்தார். வேலை முடிந்து திரும்பிய கணவரிடம் மனைவி முகமெல்லாம் மலரச் சொன்னார்.

"எந்த நேரத்துல வெளிய போகணும்னு ஆசைப்படறீங்கன்னு கேட்டாருங்க. பள்ளிக்கூடம் விடற நேரத்துலன்னு சொன்னேன். நான் தைச்ச சட்டையெல்லாம் தெருவுல ஓடறத ஒரு தடவை பாக்கணும்."

இந்தக் கேள்வியை நாம் ஒரு நாளும் கேட்கவில்லையே என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? அன்றும் அந்த ஆள் நேரத்துக்கு வரவில்லை என்பதுதான் அவர் மண்டையில் ஏறியது.

கடிகாரம் காட்டிய வீடு கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. அகலக் கதவு, படியில்லாத வாசல், அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போய்வரும், பெருக்கிவிட்ட சந்து. டிரைவர் இரண்டு தடவை போய்ப் பார்த்தார், இரண்டு தடவையும் காலை ஏழு மணிக்கு. சாயங்காலம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி மனைவி கெஞ்சினார்.

"சாயங்காலமானா அது வேற வீடா மாறிடுமா என்ன?" என்று கேட்டுவிட்டு, மாடி வீட்டை விற்று அந்த வீட்டை வாங்கினார்.

குடிபோன மறுநாள் டிரைவர் லீவு போட்டார். பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே மனைவி தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, நாற்காலியை வாசலுக்கு உருட்டி வந்தார். டிரைவர் கதவைத் திறந்தார். எதிரே லாரி. ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகலாம், நாற்காலி போகாது. அடுத்த கட்டடம் சரக்குக் கிடங்கு. மதியத்துக்கு மேல் லாரிகள் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு முறைக்குக் காத்து நிற்குமாம். தினமும் இருட்டுகிற வரைக்கும் இப்படித்தான் என்று லாரிக்காரர் தணிந்த குரலில் சொன்னார். லாரிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. சத்தம் மட்டும்தான் கேட்டது. மனைவி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். வாசலில் நின்று அழுதது டிரைவர்தான்.

கடிகாரத்திடம் போய்க் கேட்டார். அவர் நிதானமாகச் சொன்னார், "நான் பொய் ஏதாவது சொன்னேனா சார்? நீங்களே கண்ணால பாத்துதானே வாங்கினீங்க?"

டிரைவருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வீடு வீடாக இருப்பதே காலையில்தான்; அதனால்தான் அந்த ஆள் நேரம் தவறாமல் வந்திருக்கிறான். ஒரே ரோடு காலையில் ஒன்று, சாயங்காலம் வேறொன்று என்பது ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவருக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏமாந்தேனே என்று நெஞ்சு வெந்தது.

வெட்கத்தை விட்டு வந்துட்டேனுக்குப் போன் செய்தார். வழக்கம்போல அவர் நேரம் கழித்துத்தான் வந்தார். இந்தத் தடவை டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. புரோக்கர், சந்து முனையில் நின்று லாரிகளைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லி, வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"வித்துடலாம் அண்ணே. ஆனா யாருக்குக் காட்டினாலும் லாரி நிக்கறப்போதான் காட்டுவேன். நாளாகும், விலையும் இறங்கும். சம்மதமா?"

டிரைவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். காலையில் காட்டினால் இந்த மாசமே விற்றுவிடும், அவளும் சீக்கிரம் வெளிக்காற்றைப் பார்ப்பாள். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் தையல் மெஷினைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"காலையில காட்டினா, நாளைக்கு இந்தக் கதவுக்குள்ள இன்னொருத்தர் வந்து உக்காந்திருப்பாங்க. சாயங்காலமே காட்டுங்க தம்பி. எனக்கு உள்ளேயே இருந்து பழக்கம்தான்."

டிரைவர் சாவியை எடுத்து 'வந்துட்டேன்' கையில் கொடுத்தார்.