எலி வரியும் எவெலியோவின் வாயும்

எங்கள் ஊர் புவெனா லோமாவில் எவெலியோ கிரோஸ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கேள்விக்கார எவெலியோ என்று கேளுங்கள், பெட்ரோல் பங்கில் நிற்பவன்கூட வழி சொல்லுவான். ஐம்பத்தெட்டு வயது. சுவர்ப் பூச்சு வேலை. கரணை பிடித்துப் பிடித்து வலது தோள் இடது தோளைவிட ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. ஊருக்கெல்லாம் சுவர் பூசினவன், தான் மட்டும் பெண்டாட்டியோடு சக்கரம் வைத்த ஒரு ட்ரெய்லர் வீட்டில் குடியிருந்தான். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது, உலகம் அப்படித்தான் நடக்கிறது.

கேள்வி கேட்பது அவனுக்குப் பிறவி வியாதி. பல் பிடுங்கப் போனால், பிடுங்கிய பல்லெல்லாம் எங்கே போகிறது என்று வாயில் பஞ்சோடு கேட்பான். ஞானஸ்நானத்துக்குப் போன இடத்தில் தொட்டித் தண்ணீரை யார் மாற்றுகிறார்கள் என்று பாதிரியாரைக் கேட்டு, கூட்டத்தையே தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வைத்தவன். சரி, கேட்டான், பதிலைத் தெரிந்துகொண்டான், அதோடு விட்டானா? ஊரில் கடைசி ஆளுக்கும் அதைச் சொல்லி முடிக்கும் வரை அவனுக்குச் சோறு இறங்காது. தொல்லையெல்லாம் அங்கேதான்.

பால்பண்ணைச் சாலையில் அவனுக்கு ஒரு மனை இருந்தது. ட்ரெய்லர் நின்றதும் அதில்தான். வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது, வங்கியும் கடன் தருவதாகச் சொல்லிவிட்டது. வாசலில் படியே இல்லாத வீடு. அவன் மனைவி எர்மீனியா கேட்டது அது ஒன்றுதான். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், ட்ரெய்லரின் இரும்புப் படியில் அவள் பக்கவாட்டாகத் திரும்பிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் இறங்குவாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதரைக் கூப்பிடுவாள். மழை நாளில் புனிதர்கள் போதாமல் எவெலியோவைத் திட்டுவாள். கிறிஸ்துமஸுக்குள் புது வீடு என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

இடையில் வந்து குறுக்கே படுத்தது எலி வரி. அதற்கு நீளமான சர்க்கார்ப் பெயர் ஒன்று உண்டு, எங்கள் ஊரில் யார் வாயிலும் நுழையாது. புதிதாக வீடோ கிடங்கோ கட்டுகிறவன் ஒரு தொகை கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் மலையடிவாரத்து நிலங்களை வாங்கி, காட்டுப் பிராணிகளுக்கென்று யாரும் கட்டாமல் விட்டுவைப்பார்கள். முதன்முதலில் அப்படிக் காப்பாற்றப்பட்டது தத்தித் தத்தி ஓடும் ஓர் எலி. அதிலிருந்து அது எலி வரி. நிலம் சும்மா கிடைத்த காலத்தில் போட்ட வரி அது. இப்போது நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டதால் பழைய வரியை வைத்து ஒரு மேட்டைக்கூட வாங்க முடியவில்லையாம். ஏப்ரல் கடைசியில் நகர மன்றத்தில் கூட்டம் போட்டு உயர்த்தப்போகிறார்கள், ஜூலை முதல் தேதியிலிருந்து புது வரி என்று செய்தி வந்தது. அவ்வளவுதான், அனுமதி கொடுக்கும் கவுன்டர் முன்னால் கல்யாண வீட்டுக் கூட்டம். மடக்கு நாற்காலியும் காபிக் குடுவையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எவெலியோவுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் காகிதமெல்லாம் தயார். உயிரியல் படித்த ஒரு பெண் வந்து மனையைச் சுற்றி நடந்து, இங்கே பாதுகாக்க வேண்டிய பிராணி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். கூட்டத்துக்கு அடுத்த வாரம் வருவதாக அவள் சொல்லியிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் சாணி வந்தது.

மனையின் மூலையில், ஏதோ வேலையில் மிஞ்சியதென்று வாங்கி வந்த கான்கிரீட் குழாய்களை அவன் அடுக்கி வைத்திருந்தான். பாதி மண்ணில் புதைந்து கிடந்த ஒரு குழாயின் வாய்க்கு முன்னால், ஒரு காலையில் காய்ந்த சாணித் துண்டுகள் கிடந்தன. யாரோ கோலம் போட உட்கார்ந்து பாதியில் எழுந்து போன மாதிரி பரப்பியிருந்தது. காலால் தள்ளிவிட்டான். மறுநாள் மறுபடியும் இருந்தது. பெருக்கி எறிந்தான். அதற்கு அடுத்த நாள் முன்னைவிட அதிகம்.

சாணிக்கு ஊற்றுக்கண் எதிர்ச்சாரியில் இருக்கும் பால்பண்ணை. அதன் முதலாளி அமாரோ. ஈத் தொல்லை பற்றி எவெலியோவுக்கும் அவனுக்கும் பழைய சண்டை. எவெலியோ வேலிக்குப் போய் நின்றான்.

"யோவ் அமாரோ! சாணி அதிகமாப் போச்சுன்னா உன் தலையில கொட்டிக்க. என் குழாய் வாசல்ல எதுக்குய்யா கொண்டாந்து பரப்புற?"

"எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு! முந்நூறு மாட்டோட மல்லுக்கட்டுறவன், உனக்குச் சாணி வேற சுமக்கணுமா? சாணி என்ன விலை விக்குது தெரியுமா? ஓசியில குடுக்கிற மூஞ்சியா இது?"

அதுவும் நியாயம்தான். அமாரோ எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள். அப்படியானால் வேறு யார்? எவெலியோவுக்கு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தான். உள்ளேயிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று கிலுகிலுப்பைப் பாம்பின் சீற்றம். ஐம்பத்தெட்டு வயதுக்காரன் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிப் பின்னால் விழுந்தான். விழுந்த இடத்திலேயே அடுத்த கேள்வி முளைத்தது: பாம்புப் புற்றுக்குப் பால் வைப்பவன்கூட உலகத்தில் இருக்கலாம், சாணி வைப்பவன் எவன்?

அன்று பொழுது சாயும் நேரம் ட்ரக்குக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிக் காத்திருந்தான். பண்ணைப் பக்கமிருந்து தரையோடு தரையாக ஒன்று பறந்து வந்தது. ஒரு சாண் உயரம், குச்சிக் கால்கள், கோபக்கார வாத்தியார் மாதிரி புருவம். நிலத்தில் வளை தேடிக் குடியிருக்கும் ஆந்தை. காலில் சாணித்துண்டு. அதைக் குழாய் வாசலில் வைத்து, நகர்த்தி, ஒரு அடி தள்ளி நின்று பார்த்தது. பிறகு அலகால் ஒரு விரற்கடை திருப்பி வைத்தது. எவெலியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பூச்சு முடிந்ததும் அவன் சுவரைப் பார்ப்பானே, அப்படியே பார்த்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சாணி வண்டு ஊர்ந்து வந்தது. ஆந்தை அதை லபக்கென்று விழுங்கியது. உள்ளேயிருந்து இன்னொரு தலை எட்டிப் பார்த்து, பாம்பு மாதிரியே சீறியது.

இரை வைத்து வண்டு பிடிக்கிற பறவை! ஓடிப்போய் எர்மீனியாவிடம் சொன்னான். அவள் கையிலிருந்த டோர்ட்டியா ரொட்டி அப்படியே நின்றது.

"ஆந்தையா? ஆந்தை அலறினா ஆளு போகும்னு சொல்லுவாங்க, கிழவா."

"அது அலறலடி, சீறுது. பாம்பு மாதிரி நடிக்குது!"

"நடிக்கட்டும். அந்தப் பொண்ணு வந்து பாத்தா என்ன ஆகும்? அதச் சொல்லு."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாதுகாக்கப்பட்ட பறவை. கூடு கட்டும் காலம் ஆகஸ்ட் கடைசி வரை. அதுவரை மண்ணைத் தொடக் கூடாது, அனுமதியும் கிடையாது. ஜூன் தாண்டினால் புது வரி. வங்கி கொடுக்கும் கடனில் அந்த அதிகத் தொகைக்கு இடமில்லை. சொல்லப்போனால் ஆந்தைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவனே அவன்தான். காட்டுத்தீக்குப் பயந்து புல்லை வெட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது, மற்றவர்கள் ஏனோதானோ என்று வெட்ட, இவன் மனையை மொட்டைத் தலையாக்கினான். புல் குட்டையாக இருக்கிற இடத்தில்தான் அந்தப் பறவை குடியேறும். போதாததற்குக் குழாய் வேறு.

"சனிக்கிழமை குழாயை இழுத்துப் போட்டுருவோம்" என்றாள் எர்மீனியா. "ஊர்ல எல்லாரும் செய்றதுதான். பாத்தா மண்ண அள்ளி மூடு, வாயப் பொத்து."

அவன் தலையைச் சொறிந்தான். அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும், சரி என்றான்.

கூட்டம் அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. தேவாலயத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, வரி உயர்வை எதிர்ப்பதாகச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். எர்மீனியா முன்வரிசையில். "தான் குடியிருக்க வீடு கட்டுறவனுக்குச் சலுகை குடுங்கன்னு கேளு. அதோட உக்காந்துரு. ஒரு கேள்வி வெளிய வரக் கூடாது" என்று காதில் ஓதியிருந்தாள்.

அவனுக்கு முன்னால் பேசியவர் வரிசை வரிசையாக வீடு கட்டி விற்கிற ஒருத்தர். நல்ல கோட்டு, நல்ல குரல்.

"எத்தனையோ வருஷமா இந்த வரிய கட்டுறேன். இதுல காப்பாத்துறோம்னு சொல்ற பிராணில ஒண்ணையாவது இங்க இருக்கிற யாராவது கண்ணால பாத்திருக்கீங்களா? இருந்தா சொல்லுங்களேன்!"

கைதட்டல் பறந்தது. அடுத்து எவெலியோவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் பேசினாலும் முதலில் பெயரையும் விலாசத்தையும் ஒலிவாங்கியில் சொல்ல வேண்டும். எவெலியோ தெளிவாகச் சொன்னான். "பால்பண்ணைக்கு நேர் எதிர்த்தாப்ல" என்று அடையாளமும் சேர்த்துக்கொண்டான். சலுகை என்று தொடங்க வாயைத் திறந்தான். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் காற்றில் நின்றுகொண்டிருந்தது. பதில் தெரிந்த கேள்வி! அவன் என்ன செய்வான், பாவம்?

"நான் பாத்தேன்" என்றான்.

பிறகு மடை உடைந்த வெள்ளம்தான். சாணி, அமாரோ, குச்சி, பாம்புச் சீற்றம், தான் குட்டிக்கரணம் அடித்தது, ஆந்தை ஒரு அடி தள்ளி நின்று சரிபார்த்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் அந்தப் பறவை மாதிரியே புருவத்தை நெரித்து நடந்து காட்டினான். மன்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அமாரோ பின்வரிசையில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டான். கோட்டுக்காரர்கூடச் சிரித்தார்.

பேச்சு நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது. மன்றத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு, மிஸ்டர் கிரோஸ். அந்தக் கூடு இருக்கிறது நீங்க இப்பச் சொன்ன விலாசத்துலதானா?"

எவெலியோ முகத்தில் ஈயாடவில்லை. முன்வரிசையைப் பார்த்தான். எர்மீனியா இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வரி உயர்வு அன்றே நிறைவேறியது.

வீடு வந்ததும் எர்மீனியா ட்ரக்கை விட்டு இறங்கினாள். ட்ரெய்லர் வாசலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு இருக்கிறது ஒரு வாய். எனக்கு இருக்கிறது ரெண்டு முட்டி. நீ பேசின பேச்சுக்கு யாரு ஏறி எறங்கப் போறா, சொல்லு?"

அவனுக்கு அழுகை வந்தது, ட்ரக்குக்குப் பின்னால் போய் அழுதான்.

மறுநாள் அமாரோ, மாடுகளை லாரியில் ஏற்றுகிற சாய்பலகையை இழுத்துக்கொண்டு வந்தான். இருவரும் சேர்ந்து படியை அறுத்தெறிந்துவிட்டு அதைப் பொருத்தினார்கள். "நான் என்ன மாடா?" என்று எர்மீனியா கத்தினாள். கத்திக்கொண்டே ஏறினாள். எந்தப் புனிதரையும் கூப்பிடவில்லை.

அந்தப் பலகையின் மேல்முனையில் நின்றால் குழாய் நேராகத் தெரியும். முதலில் திட்டுவதற்காகப் பார்த்தாள். பிறகு நாற்காலி போட்டுப் பார்த்தாள். ஜூனில் குஞ்சுகள் வாசலுக்கு வந்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து அவளைப் பார்த்தன. அவளும் கழுத்தைச் சாய்த்தாள். எவெலியோ உள்ளே இருந்து பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்தான். அடிபட்டவன் அல்லவா.

செப்டம்பரில் ஆந்தைகள் கிளம்பிப் போனபின், உயிரியல் பெண் எழுதிக் கொடுத்தாள். புருஷனும் பெண்டாட்டியும் வரைபடத்தில் ஓர் அறையை அடித்துவிட்டார்கள், வெளியூரில் இருக்கும் மகள் வந்தால் தங்குவதற்கென்று வைத்திருந்த அறை. புது வரிக்கான பணம் அதில் மிச்சமானதிலிருந்துதான் வந்தது. இருவரும் கவுன்டருக்குப் போனார்கள். எவெலியோ பணத்தைக் கட்டினான். கவுன்டர்காரி முத்திரையை எடுத்தாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றாள் எர்மீனியா. "இந்தக் காசுல எந்த எடத்த வாங்குவீங்க?"

"தெரியலம்மா. மலைப்பக்கம் எங்கேயாவது இருக்கும்."

"அங்க மாடு மேயுமா?"

"மாடா?"

"சாணி வேணும்ல. சாணி இல்லாம அதுங்க வாசல்ல எதப் போடும்? என் மகளோட ரூம உன் கையில குடுத்திருக்கேன். உள்ள போயிக் கேட்டுட்டு வா, நான் நிக்கிறேன்."

பின்னால் வரிசை நீண்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். எவெலியோ ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவளுக்குப் பின்னால் போட்டான்.