ரோசாப்பூ ஜாம்

இதை வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை. போலந்தில் பேக்கரி வேலை செய்யும் தம்பி, ஊருக்கு வந்த கூட்டாளியிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினான். சீனி தூவிய பணிஸும், மரக்கறி வைத்துப் பொரிக்கும் பெட்டிஸ் மாதிரி ஒன்றும் இருந்தன. அங்கே பன்றிக் கொழுப்பில்தான் பொரிப்பார்களென்று கேள்விப்பட்டிருந்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எல்லாவற்றையும் கடற்கரையில் காகங்களுக்குப் போட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தம்பி அழைத்தான். "ராத்தா, திண்டீங்களா?"

"ஓம், நல்ல ருசி."

"உங்களுக்கெண்டு புதுச் சட்டி வாங்கி, தேங்காயெண்ணெயில நானே பொரிச்ச. எது புடிச்ச? ரோசாப்பூ ஜாம் வெச்ச பொன்ச்கி பணிஸா, கோவா இலை வெச்ச பெட்டிஸா?"



"ரோசாப்பூ" என்றேன்.

அன்றிலிருந்து அதை மட்டும்தான் அனுப்புகிறான். பிஸ்மி சொல்லித் தின்கிறேன். கோவா வைத்தது எப்படியிருக்குமென்று அவனிடம் கேட்க முடியாது.