பச்சைப் பெட்டி டானிக்கும் எங்கள் ஆராய்ச்சியும்

அறுபதுகளின் நடுவில், பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய ஒரு தெருவில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். அப்போது எனக்கு முப்பது வயது. வீட்டிலிருந்த ஒரே தறியில் தம்பி உட்கார்ந்துவிட்டதால் மருந்து கலக்கக் கற்றுக்கொண்டவன் நான். டாக்டர் கெட்டவர் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கொட்டும் மழையிலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் அவருக்கு ஜென்மத்தில் வந்ததில்லை. அதற்கு எங்கள் அலமாரியில் மருந்தும் இல்லை.

ஒரு சித்திரை வெயிலில், கழுத்தில் டை கட்டிக்கொண்டு மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து மேஜைமேல் பச்சைப் பெட்டி ஒன்றை வைத்தார். நாள்பட்ட இருமலுக்கும் இளைப்புக்கும் டானிக். கூடவே வழவழப்பான ஒரு மடிப்புத் தாள். அதில் சிரிக்கிற வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று, மேலே ஏறிக்கொண்டே போகிற கோடு ஒன்று. யாருக்குக் கொடுத்தார்கள், எத்தனை நாள் கொடுத்தார்கள், கொடுக்காதவர்களுக்கு என்ன ஆனது என்று ஒரு வரிகூட இல்லை.

"நீங்களே உங்க பேஷண்டுங்களுக்குக் கொடுத்துப் பாருங்க சார். ரிசல்ட்டை டாக்டருங்க கூட்டத்துல படிச்சீங்கன்னா பெரிய பேர் வரும்" என்றார் அவர்.

டாக்டருக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. மறுநாளே என்னைக் கூப்பிட்டு ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்தார். "கம்பவுண்டர், நாம ஆராய்ச்சி பண்ணப் போறோம்" என்றார். விதிகளையும் அவரே சொன்னார். டானிக் குடித்துவிட்டு வந்து தேவலை என்று சொல்பவன் குணமானவன். தேவலை இல்லை என்று சொல்பவன் ஒழுங்காகக் குடிக்காதவன். அவன் பெயரை அடித்துவிட வேண்டும்.

"திரும்பியே வராதவங்க, சார்?"

"அவனுக்கு எதுக்குய்யா வரணும்? குணமாயிருப்பான். குணம்னு எழுது."

எழுதினேன். ஆறு மாதம் எழுதினேன். இருமிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் பச்சைப் பெட்டியை என் கையாலேயே எடுத்துக் கொடுத்து, காலையில் ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி என்று சொல்லி அனுப்பினேன். நோட்டு நிரம்பியது. பக்கத்துக்குப் பக்கம் குணம், குணம், குணம். உலகத்தில் எந்த ஊரிலும் இத்தனை பேர் ஒரே மருந்தில் தேறியிருக்க மாட்டார்கள்.

ஒருநாள் பெருமையாக இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"திரும்பி வராதவங்கல்லாம் குணமாயிட்டாங்களா?"

"ஆமா. டாக்டர் அப்படித்தான் எழுதச் சொல்றாரு."

"சுடுகாட்டுக்குப் போனவங்ககூடத்தான் திரும்பி வர்றதில்ல. அவங்களையும் எழுதிக்கினு இருக்கியா?"

மூன்றாவது வரை படித்தவள் ஒரு வாக்கியத்தில் கேட்டதை, ஆறு மாதமாகப் பேனா பிடித்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு, திரும்பி வராதவர்களின் வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் எங்கள் டானிக்கைக் குடித்தும் ஒன்றும் ஆகாமல், முசரவாக்கத்து வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாவது வீட்டில் பாட்டில் மாடத்தில் இருந்தது. மூடியின் சீல்கூடப் பிரிக்கவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"மருந்த வாங்கிக்கினு வந்து வெச்சேன், மூணாம் நாளே இருமல் பூட்ச்சுபா. டாக்டர் கைராசின்னா கைராசிதான்."

"குடிக்கவே இல்லியே?"

"குடிச்சிருந்தா இன்னும் சீக்கிரம் போயிருக்கும்" என்றார் அவர், துளியும் சிரிக்காமல்.

மூன்றாவது வீட்டில் எனக்குச் சிரிப்பு நின்றது. பட்டு இழை சுற்றிக் கொடுக்கிற ஒரு அம்மாள் அங்கே இருந்தாள். எங்களிடம் இரண்டு பாட்டில் வாங்கிப் போனவள். நோட்டில் அவள் பெயருக்கு எதிரே நான் குண்டு குண்டாகக் குணம் என்று எழுதியிருந்தேன். ராட்டினத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம். என்னைப் பார்த்ததும் முந்தானையை மறைத்தாள். அதில் ரத்தக் கறை.

"எத்தினி நாளா அக்கா இப்படி இருக்குது?"

"மூணு மாசம் இருக்கும். அங்க வந்தா வேற வியாதின்னு சொல்லிடுவீங்க. அப்புறம் எங்கியாவது கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள யாருகிட்ட உட்டுட்டுப் போறது?"

வேற வியாதி என்பதற்கு அந்தக் காலத்தில் ஒரே அர்த்தம்தான், காச நோய். வந்தால் தூரத்து ஆஸ்பத்திரி எதிலாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் பயம். அவளை ரிக்‌ஷாவில் ஏற்றுவதற்குள் அவள் வீட்டுக்காரரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் காச நோய்ப் பிரிவைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். சளியைச் சோதித்தார், எக்ஸ்ரே எடுத்தார். காசம்தான். அந்தப் பெண் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போவ மாட்டேம்மா. வீட்டுலியே செத்துடறேன்."

"யாரு உன்ன அனுப்பறது? வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிடு" என்றார் டாக்டரம்மா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. காசம் என்றால் நல்ல காற்று, முட்டை, பால், வருஷக்கணக்கில் படுக்கை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்டே விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சென்னையில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றார். நோயாளிகளைச் சீட்டுப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆஸ்பத்திரியில் வைத்து நல்ல சாப்பாடு போட்டார்கள். மறுபாதி குடிசையிலேயே இருந்துகொண்டு அதே மருந்தைச் சாப்பிட்டது. கடைசியில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறியிருந்தார்கள்.

"பாதியில நின்னவங்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தாங்களா?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

"தேடாம எப்படி? தேடலைன்னா அது ஆராய்ச்சியே இல்லையே" என்றார் அவர், சாதாரணமாக. எனக்குக் கன்னத்தில் வாங்கின மாதிரி இருந்தது.

மறுநாள் எங்கள் டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது உண்மை. பிறகு நோட்டைத் திறந்து, அவள் பெயரைத் தேடி, ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார்.

"ஒழுங்கா குடிச்சிருக்க மாட்டா."

"ரெண்டு பாட்டிலும் குடிச்சிருக்காங்க சார். அது டானிக்குல போற வியாதியே இல்ல."

"அப்ப அவ நம்ம ஆராய்ச்சியிலேயே சேர மாட்டா. இருமல் வேற, காசம் வேற. அவளை எடுத்துட்டா ரிசல்ட் இன்னும் சுத்தமாயிடும் பாரு."

டாக்டர்கள் கூட்டத்துக்கு என்னையும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு பள்ளிக்கூட ஹால். மேலே ஃபேன் சுற்றியது, முன்வரிசைக்கு ரோஜாப்பூ கொடுத்தார்கள். மருந்துக் கம்பெனி ஆள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் டாக்டர் இங்கிலீஷில் கணீரென்று படித்தார். ஏறக்குறைய எல்லாரும் குணம். அடித்துப்போட்ட பெயர்களைப் பற்றி மூச்சுக்கூட இல்லை.

படித்து முடித்ததும், சென்னையிலிருந்து வந்திருந்த வயதான டாக்டர் ஒருவர் எழுந்தார்.

"இதே மாதிரி இருமல் இருந்து டானிக் குடிக்காதவங்க எப்படி இருந்தாங்க, டாக்டர்?"

எங்கள் டாக்டர் திகைத்துப் போனார். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அவ்வளவு நல்ல மருந்தை நான் ஏன் சார் ஒருத்தருக்குக் கொடுக்காம இருக்கணும்?" என்றார்.

ஹாலே கைதட்டியது. கேள்வி கேட்டவர் உட்கார்ந்துகொண்டார். டாக்டருக்குச் சால்வை போர்த்தினார்கள். நல்ல சால்வை. மாடத்தில் சீல் பிரிக்காமல் இருந்த பாட்டில் எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நானும் கைதட்டினேன் என்பதை இங்கே மறைத்துப் பிரயோஜனமில்லை. மற்றவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு இருக்கிற யோக்கியதை அவ்வளவுதான்.

அதற்குப் பரிகாரம் என்று இல்லை, ஆனால் அந்த அம்மாள் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் போய்க்கொண்டிருந்தேன். ஊசி, ஒரு பிடி மாத்திரை, குமட்டல், மறுபடியும் மாத்திரை. இரண்டாவது மாதமே இருமல் நின்று, கன்னத்தில் சதை பிடித்தது. உடனே மாத்திரையை நிறுத்தப் பார்த்தாள்.

"அதான் நல்லாயிட்டனே தம்பி, இன்னும் எதுக்கு?"

"டாக்டரம்மா போதும்னு சொல்ற வரைக்கும் அக்கா. நடுவுல உட்டா பழையபடி வந்துடும்."

திட்டினாள், விழுங்கினாள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. கடைசி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா போதும் என்றார். அன்றைக்கு அந்தத் தெருவே அவள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. எதில் குணமானது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள்: குமரக்கோட்டத்து முருகனுக்கு வேண்டிக்கொண்டது, ஓரிக்கையில் ஒரு பெரியவர் மந்திரித்துக் கொடுத்த கயிறு, கம்பவுண்டர் தம்பி ஆரம்பத்தில் கொடுத்த பச்சைப் பெட்டி டானிக்.

"ஆஸ்பத்திரி மருந்து, அக்கா?" என்றேன், பொறுக்க மாட்டாமல்.

"அதுவுந்தான்" என்றாள், என் மனசு நோகக் கூடாதே என்று.

மறுநாள் காலையில் அந்தத் தெருவிலிருந்து நாலு பேர் எங்கள் டாக்டரிடம் வந்து பச்சைப் பெட்டி கேட்டார்கள். இருமலா என்று கேட்டேன். இல்லை, வந்தால் ஆகுமே என்று வாங்கி வைக்கிறோம் என்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை வெற்றி. அந்த மாதக் கடைசியில் நான் வேலையை விட்டுவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே வராதவர்களின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுத விடமாட்டார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா என்பார்கள்.