தீவுக்குப் போன கதைகள்

பினாங்குப் பட்டணத்தில் சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கதை எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றபோது, எங்கள் வரிசை வீடுகளில் ஒருத்தருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்கிற கூட்டம் நாங்கள். கதையோ கத்திரிக்காயோ, காசில்லாமல் தருகிறார்கள் என்றால் பிள்ளையை அனுப்பிவிட வேண்டியதுதான். அப்படித்தான் நானும் போனேன். ரொட்டி தருவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். ரொட்டி தரவில்லை.

வகுப்பு நடந்தது ஒரு மளிகைக் கிட்டங்கியின் மாடியில். கீழே மிளகாய் மூட்டைகள் அடுக்கியிருக்கும். ஒரு பத்தி எழுதுவதற்குள் நாலு தும்மல் வரும். துறைமுகத்துக் கூலிகளின் பிள்ளைகள், முஸ்லிம் கடைக்காரர் வீட்டுப் பையன்கள், பின்னல் அவிழாமல் வரும் யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து தும்மினோம். நடத்தியவர் கப்பல் கம்பெனியில் கிராணியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஓர் இளைஞர். இருபத்தைந்து வயது இருக்கும். நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல மனிதர்களால் விளைகிற கேடு தனி ரகம். கெட்டவனென்றால் எதிர்த்துச் சண்டை போடலாம்.

அவருடைய பாடம் ஒன்றே ஒன்றுதான். "உள்ளத எழுது. வானம் நீலம்னு எழுதாத, எல்லா வானமும் நீலம்தான். உங்க வீட்டுக் கூரை ஓட்டை வழியா என்ன தெரியுதோ அத எழுது." அதோடு, வாசித்தால் கேட்பவன் அழ வேண்டும். அழவில்லையென்றால் அது கதையே இல்லை அவருக்கு.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவர் ஒரு பஜனைக் குழுவோடு ஜெரஜாக் தீவுக்குப் படகில் போவார். பெருநோய் என்று சொல்லும் குஷ்டம் வந்தவர்களை ஒதுக்கி வைத்திருந்த தீவு அது. வாழைப்பழம், வெற்றிலை, புகையிலையோடு எங்கள் கதைகளையும் எடுத்துப் போய் அங்கிருந்த தமிழர்களுக்கு வாசித்துக் காட்டுவார். எழுதிய பிள்ளையின் பெயரை அங்கே சொல்வதில்லை. என் பிள்ளை பெயரை அந்த இடத்தில் உச்சரிக்கக் கூடாது என்று பெற்றவர்கள் சண்டைக்கு வந்ததால் வைத்த விதி. தீவுக்குப் போன தாளும் திரும்பி வராது. எதுவும் அங்கே போகலாம், அங்கிருந்து எதுவும் வரக் கூடாது.

அவர் இதைச் சொன்ன அன்று நான் தாளை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. என் அப்பா அந்தத் தீவில்தான் இருந்தார்.

அப்பா துறைமுகத்தில் சாக்குத் தைக்கிறவர். அரிசி மூட்டை கிழிந்தால் கோணி ஊசியும் சணலுமாக ஓட வேண்டும். இடது கைக்காரர், குள்ளம், குரலோ கழுதைக் குரல், ஆனாலும் பாடாமல் தைக்க மாட்டார். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து எங்களிடம் ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டே தைத்தபோது, ஊசி வலது கைச் சுண்டுவிரலில் ஏறி நின்றது. அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. அம்மாதான் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிடித்துக்கொண்டு போகச் சர்க்கார் ஆள் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்கு முன் தானாகவே போய்விட வேண்டும் என்று பெரியப்பா ஏற்பாடு செய்தார். அப்பா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தார் எல்லாரிடமும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டு, நட்ட நடுப்பகலில் துறைமுகம் போனார். கப்பல் ஒரு பக்கம் போனது. அவர் ஏறிய படகு வேறு பக்கம் போனது. அம்மா என்னையும் அக்காவையும் நிற்க வைத்து, "வெளிய மூச்சு விட்டீங்கன்னா மூணு பேரும் தெருவுலதான் நிக்கணும்" என்றாள்.

ஆகவே நான் முதல் கதையை எங்கள் வீட்டு நொண்டிக் கோழியைப் பற்றி எழுதினேன். அரிக்கேன் விளக்குப் பெட்டிக்குள் மட்டும்தான் அது தூங்கும். வேறு எங்கே விட்டாலும் கத்தும். அதற்கு அந்தப் பழக்கத்தைப் பண்ணியவரே அப்பாதான்.

தீவுக்குப் போய் வந்த சனிக்கிழமை அண்ணன் சொன்னார்: "கோழிக் கதைய வாசிச்சு முடிச்சதும் பின்னாலேருந்து ஒரு குரல், தம்பி இன்னொரு தடவ வாசிங்கன்னு. ரெண்டாந்தரம் வாசிச்சேன். அப்பவும் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு."

ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோழிக்கு ஒரு பிடி அரிசி போட்டாள். எங்களுக்கே அரிசி போதாத காலம் அது.

அதிலிருந்து அந்த வகுப்பு எங்கள் வீட்டுக்குத் தபாலாபீஸ் ஆகிவிட்டது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சோறு வடித்துக்கொண்டே, "கூரைய மாத்திட்டோம்னு எழுது", "எனக்குக் காய்ச்சல் வந்து சரியாயிருச்சுன்னு எழுது" என்பாள். நான் அதை எலிக் குடும்பத்துக் கதையாகவோ கிளிக் குடும்பத்துக் கதையாகவோ மாற்றிவிடுவேன். ஒருமுறை தாய்க் கிளிக்குக் காய்ச்சல் வந்தது. தீவிலிருந்து ஒரு குரல், கிளிக்கு இப்போது தேவலையா என்று கேட்டதாம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை புக்கிட் மெர்தாஜாமில் ரயில்வே வேலை. நல்ல இடம். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: ஊருக்குப் போன தகப்பன் ஏன் திரும்பவில்லை? அங்கே வேறு குடும்பமா? ஓடிப்போனவன் மகளை எடுக்க முடியாது என்றார்கள். செத்தவன் மகள் என்றால் பரவாயில்லையாம். மறுவாரமே பெரியப்பா, தம்பி ஊரில் காலராவில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது என்று தெருவில் சொல்லிவிட்டார். அந்தத் தந்தியை யாரும் பார்க்கவில்லை.

உயிரோடு இருக்கிற புருஷனுக்காக அம்மா தாலியைக் கழற்றினாள். கருமாதி அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மா அழுத அழுகையில் பொய்யே இல்லை. பெரியப்பா மட்டும் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார். அவர் மீது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்று ராத்திரி அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பிச் சொன்னாள்: "அக்கா கல்யாணத்த எழுது. இத மட்டும் எழுதிடாத. நாம அவரக் கொன்னுட்டோம்னு அவருக்குத் தெரியவே கூடாது." நான் மூத்த கிளிக்கு மெர்தாஜாமிலிருந்து ஒரு மாப்பிள்ளைக் கிளி வருவதாக மட்டும் எழுதினேன். தகப்பன் கிளி எங்கோ பழம் பொறுக்கப் போயிருப்பதாக எழுதினேன்.

அடுத்த மாதம்தான் அண்ணனுக்கு அந்த யோசனை உதித்தது. "அங்க இருக்கிறவங்க எல்லாம் பிள்ளைங்களப் பிரிஞ்சவங்க. இந்த மாசம் எல்லாரும் அவங்கவங்க அப்பாவப் பத்தி எழுதணும்லா. கேட்டா அவங்களுக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கும்!" என்றவர், என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீதான் தங்கச்சி முக்கியமா எழுதணும். அப்பா இல்லாத பிள்ள எழுதினா கல்லும் கரையும்."

எழுதாமல் இருக்க முடியாது. அப்பாவுக்குக் கருமாதி செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவரைப் பற்றி எழுத மாட்டேன் என்றால் ஏன் என்று கேள்வி வரும். செத்ததாக எழுதினால் அவர் கேட்பார். நான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். செத்துப்போன அப்பாவைப் பற்றியே எழுதினேன், ஆனால் ஒன்றுகூட என் அப்பாவுடையதாக இல்லாமல் எழுதினேன். ஆறடி உயரம், முறுக்கு மீசை, மாட்டுவண்டி ஓட்டுகிறவர், பாடினால் தெருவே நின்று கேட்கும். யாரோ ஒரு பாவப்பட்ட பிள்ளையின் அப்பா என்று நினைத்து அவர் ஒரு பெருமூச்சு விட்டால் சரி. அம்மாவிடம் சொன்னபோது, "நீ பொழச்சுக்குவ" என்றாள்.

வகுப்பில் அதை வாசித்ததும் பக்கத்து வீட்டுப் பெண் கிளுக்கென்று சிரித்துவிட்டாள். என் தோழிதான். கபடு தெரியாதவள். "அவங்க அப்பா குள்ளம் அண்ணே! மீசையே கிடையாது. சாக்கு தைக்கிறவரு!"

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்து என்னை அடித்துத் துரத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. "துக்கத்துல உள்ளத எழுத முடியல, பாவம்" என்று சொல்லி, தோழியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். இடது கை. கழுதைக் குரல். நொண்டிக் கோழி. காலரா, தந்தி. கருமாதியில் அம்மா எப்படிச் சுவரில் தலையை மோதிக்கொண்டாள், தாலி கழற்றும்போது என்ன சொல்லி அழுதாள். மூத்த மகள் கல்யாணத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று முடித்தார். அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள், எதையும் விடாமல் சொன்னாள். எழுதி முடித்து அவர் வாசித்தபோது பாயில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அழுதார்கள்.

"அத வாசிக்காதீங்க அண்ணே" என்றேன்.

"ஏன் தங்கச்சி?"

சொன்னால் அக்காவின் வாழ்க்கை போயிற்று. "வெக்கமா இருக்கு" என்றேன்.

"இதுல என்ன வெக்கம்? இதான் எழுத்து" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டிப் படகு போகாமல் நிற்க வேண்டும் என்று அம்மா தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். பளபளவென்று வெயில் அடித்தது. அம்மா அன்று அடுப்பே மூட்டவில்லை. அக்கா ஒரு மூலையில், நான் ஒரு மூலையில் கிடந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை.

மறு சனிக்கிழமை அண்ணன் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். "தங்கச்சி, உன் கதைக்கு நடந்தத கேளு" என்று எல்லார் முன்னிலையிலும் ஆரம்பித்தார். "வாசிச்சு முடிச்சதும் ஒரு சத்தமும் இல்ல. ரொம்ப நேரங்கழிச்சுப் பின்னாலேருந்து அதே குரல். கருமாதிய முறையாச் செஞ்சாங்களா தம்பின்னு கேட்டாரு. செஞ்சாங்கன்னேன். அப்புறம் சொன்னாரு, அந்தப் பிள்ளையோட அப்பன எனக்குத் தெரியும், ஹார்பர்ல ஒண்ணா வேல பாத்தோம், அவன் செத்தது நெசந்தான், நானும் கேள்விப்பட்டேன்னு. அந்தப் பிள்ளைய அழ வேணாம்னு சொல்லுங்க, செத்தவனையே நினைச்சுக்கிட்டிருக்காம அக்கா கல்யாண வேலையப் பாக்கச் சொல்லுங்கன்னாரு. பாத்தியா, எழுத்தோட சக்திய?"

பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தோழி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் அந்தக் கையைக் கடித்துக் குதறாமல் இருந்தது பெரிய காரியம். அப்பாவைப் பற்றி நல்ல வார்த்தை கேட்ட பிள்ளை எப்படி இருக்குமோ, அப்படி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சொன்னதையே மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "கை எப்படி இருக்காம்?" என்றாள்.

"கேக்கலம்மா."

"முடி நரைச்சிருச்சாமா? மூக்கு, காது எல்லாம்..."

"எப்படிம்மா கேக்கிறது?"

"கேளு" என்றாள். "எதையாச்சும் சொல்லிக் கேளு."

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் போகும்வரை காத்திருந்தேன். "அண்ணே, அன்னைக்கு அப்பாவத் தெரியும்னாரே, அந்த ஆளு பாக்க எப்படி இருந்தாரு? கதை எழுதத்தான் கேக்கிறேன்" என்றேன்.

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நான் அவங்க மூஞ்சியெல்லாம் பாக்கிறதில்ல தங்கச்சி. பயமா இருக்கும்லா. குனிஞ்சு தாளப் பாத்தே வாசிச்சிட்டு, அங்கயே வெச்சிட்டு, படகுக்கு வந்திருவேன்."

மிளகாய் நெடி அன்றைக்குப் பார்த்து எனக்குத் தும்மலைத் தரவில்லை. கண்ணில் மட்டும் எரிந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

அம்மா கல்யாணப் பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்காராம்மா. கை நல்லாத்தான் இருக்காம். முடிகூட நரைக்கலையாம். கொஞ்சம் சதை போட்டிருக்காராம்."

அம்மா உலக்கையை உரலில் சாய்த்து வைத்தாள்.

"என்கூட இருந்த வரைக்கும் அந்த உடம்புல சதை ஒட்டினதே இல்லடி" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அப்ப, அவர யாருமே பாக்கல."

பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "சல்லடைய எடு, மாவு சலிக்கணும்" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.