முக்கில் ஏறிக்கொண்ட அப்பா

டீசல் புகையோடு நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் வாசம் கலந்து வந்தால், அப்பா வெளியூர் கிளம்புகிறார் என்று அரைத்தூக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆழ்துளைக் கிணறு போடும் ‘ரிக்கு வண்டி’ ஒன்று அப்பாவிடம் இருந்தது. ஆந்திரா, சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் போவார்கள், கிளம்பும்போது முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்த பழத்தின்மேல் அப்பாவே வண்டியை ஏற்ற வேண்டும்.

ஒருமுறை போன இடத்தில் அவர் மஞ்சள் காமாலையில் விழுந்துவிட்டார். பாஷை புரியாத அந்த ஊரில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியவர்கள் அங்கிருந்த ஒரு கிறிஸ்தவ சபைக்காரர்கள். பிழைத்து வந்தவர் ஞாயிறுதோறும் ராசிபுரத்தில் ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தார். ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமானால் பழைய பூசை முறைகளை விட்டுவிட வேண்டும் என்று போதகர் சொல்ல, இவரும் தலையாட்டிவிட்டு வந்தார்.

அடுத்த பயணத்தன்று சக்கரத்தடியில் பழம் இல்லை. வேலையாட்கள் ஒருவரும் ஏறவில்லை.

“பழம் வெக்காம நாங்க வரமாட்டோமுங்க. எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க,” என்றார் துளை போடும் மூத்த ஆளான ‘டிரில்லர்’ பழனியண்ணன்.

அவர்களை விட்டால் தொழில் இல்லை, பழத்தின்மேல் ஏற்றினால் ஞானஸ்நானம் இல்லை. அப்பா வண்டியையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சபைக்குப் போவதே அம்மாவுக்குப் பிடிக்காது. இதுதான் சாக்கென்று பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ உள்ளே போய்ப் பழங்களை எடுத்து வந்து சக்கரத்தடியில் வைத்தாள்.

“ஏனுங்க, நீங்க முன்னால நடங்க. பழனியண்ணன் வண்டிய எடுத்துக்கிட்டு வரட்டும். தெரு முக்குல ஏறிக்கோங்க,” என்றாள்.

அப்பா பைபிள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு எப்போது கிளம்பினாலும் முக்குதான்; ஊர் கேலி பேசித் தானே ஓய்ந்தது. அவர் ஞானஸ்நானம் எடுத்தார். அம்மா கடைசிவரை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள்.

இப்போது வண்டியும் இல்லை, அம்மாவும் இல்லை. வண்டி நின்ற இடத்தில் யாரோ மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். அம்மாவின் திதிக்கு நான்தான் படையல் போடுகிறேன். அப்பா கும்பிடமாட்டார், படைத்ததைத் தொடமாட்டார். ஆனால் அவளுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோற்றை அன்று அவரேதான் ஆக்குவார். போன வருடம் உப்புப் பார்க்கலாமென்று ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் போடப் போனேன். பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எச்சப் பண்ணிராத அம்மிணி. உங்கம்மா இன்னும் சாப்படலியே.”