என் கையைப் பிடித்த பாவு

செத்துப்போன மனிதர் தறிக்குழிக்குள் உட்கார்ந்துகொண்டு என் கையைப் பிடித்து இழுக்கிறார் என்று ஒரு மார்கழியில் பாதி மாதம் நம்பினேன். அப்போது எனக்குக் கல்யாணமாகியிருந்தது, மீசையும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பையன், ஏதோ பயந்துவிட்டான் என்று யாரும் என்னை மன்னித்துவிடக் கூடாது.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் கார்த்திகை மாதம் மார்வலி வந்து போய்விட்டார். கூடப் பிறந்தவர் இல்லை. அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகிய நெசவுக்காரர். அவர் தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றது. மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நெய்தவர் போய்விட்டால் தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் இழைகளை, அதாவது பாவை, அறுத்து எடுக்க மாட்டோம். காரியம் முடிந்ததும், வேண்டியவர் ஒருவர் அதே குழியில் உட்கார்ந்து மிச்சத்தை நெய்து இறக்க வேண்டும்.

பாவு கொடுத்த முதலாளி துக்கம் விசாரிக்க வந்த இடத்திலேயே அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். தை முகூர்த்தத்துக்குள் புடவை வராவிட்டால், வழக்கமாவது ஒன்றாவது, பாவை அறுத்து வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் இந்த வீட்டுக்குப் பாவே வராது. அண்ணிக்கு இருந்தது அந்தத் தறி ஒன்றுதான்.

"நீ உக்காருவியா தம்பி?" என்று கேட்டாள்.

தெருவில் வாய்ப்பேச்சுக்குப் பேர்போனவன் நான். "நான் உக்காரலன்னா வேற யாரு அண்ணி உக்காருவாங்க?" என்று சொல்லித் தொலைத்தேன்.

முதல் நாள் காலையில் குழிக்குள் காலை இறக்கியபோதே பாழுங்கிணற்று வாடை முகத்தில் அடித்தது. வெளியே பனி இன்னும் விலகவில்லை. மிதிகட்டைகளில் அண்ணனின் பாதம் தேய்த்த பள்ளம் இருந்தது. என் கால் அதில் அச்சாகப் பொருந்தியது. பொருந்தாமல் இருந்திருந்தால் எவ்வளவோ தைரியமாக இருந்திருக்கும். அண்ணி வழக்கப்படி வலது பக்கம் உட்கார்ந்து கரைக்கான குறுக்கு இழையை ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தாள். இத்தனை வருஷமும் அவருக்குக் கரை போட்டவள் அவள்தான்.

நெய்யத் தொடங்குமுன் உள்ளங்கையால் பாவை ஒருமுறை வருடிப் பார்ப்போம். தொய்ந்த இழை, அறுந்த இழை எல்லாம் கைக்குத் தெரியும். வருடினேன். கையை எடுத்தேன்.

பாவும் கூடவே எழுந்து வந்தது.

சில இழைகள் என் விரல் நுனிகளைப் பற்றிக்கொண்டு மேலே எழும்பி, 'டிக்' என்று விட்டுவிட்டன. வலிக்கவில்லை. கூட்டத்தில் யாரோ விரலைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டது போல இருந்தது. பின்னால் பாவை இழுத்துக் கட்டியிருந்த கயிறு மெதுவாக முனகியது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் பிடி இறுகியது. வருடினால் பிடிக்கும், அறுந்த இழையை முடிச்சுப் போடப் போனால் விடவே விடாது. சிலசமயம் அந்த 'டிக்' சத்தம் நான் கையே வைக்காதபோதும் கேட்கும். கேட்டதா, நானே கேட்டுக்கொண்டேனா என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

பயந்தவன் சும்மா இருந்தானா? மூளையைப் பயன்படுத்தினான். எங்கள் வீட்டுப் பின்கட்டில் பட்டு அவிப்போம். கச்சாப் பட்டைச் சோடாவும் சவுக்காரமும் போட்டுக் கொதிக்கவைத்தால், இழையைச் சுற்றியிருக்கும் பிசின் கழன்று பட்டு மெத்தென்று ஆகிவிடும். பாடையைத் தூக்கிய கைதானே, அதில் அண்ணன் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பது என் கட்சி. பிசினையே கழற்றுகிற சோடாவுக்கு அண்ணன் எம்மாத்திரம்? சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்றிலிருந்தே தினமும் ஒருமுறை சோடாத் தண்ணீரில்தான் கை கழுவிவந்தேன். இப்போது காலையும் மாலையும் கழுவினேன். கழுவிய ஈரம் போகுமுன் இரண்டு கைக்கும் விபூதியை அப்பினேன். உள்ளங்கை வறண்டு, திருவிழாவுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆயிற்று.

என் மனைவி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"அண்ணன் கையப் பிடிச்சிக்கினு இருக்காரு. கழுவறேன்."

"பேய சோடா போட்டுத் தொவைக்க அது இன்னா வேட்டியா? உங்கூட இருக்கறதுக்கு அதுக்கே பொறுமை வேணும். அதுவா எழுந்து போயிடும், வா."

அது போகவில்லை. கழுவக் கழுவப் பிடி பலமாயிற்று. எனக்குப் பயம் கூடிற்று. பயம் கூடக் கூட இன்னும் கழுவினேன்.

அப்போதுதான் டப்பாவைப் பார்த்தேன். தறிக்குப் பக்கத்துச் சுவர் மாடத்தில் ஒரு தகர டப்பா. உள்ளே மஞ்சளாகக் களிம்பு. அதன் நடுவில் ஒரு கட்டைவிரல் பள்ளம். பள்ளத்தில் மெல்லிய கோடு. அண்ணனின் கட்டைவிரல் நகம் பிளந்திருக்கும். அந்தப் பிளவின் கோடுதான் அது. சரி, உயிரோடிருந்தபோது எடுத்தது என்று மூடிவைத்தேன். இரண்டொரு நாள் கழித்துத் திறந்தால் களிம்பு குறைந்திருந்தது. பள்ளம் அப்படியே இருந்தது. மறுபடி பார்த்தேன். ஓரமெல்லாம் கரைந்து, நடுவில் அந்த விரல் தடம் மட்டும் தீவு போல நின்றது. கோடு கூடக் கலையவில்லை.

அன்றைக்கே, கரையோரம் என் விரல் மாட்டி ஒரு கொத்து இழை அறுந்தது. நான் நாடாவைப் போட்டுவிட்டுக் குழியிலிருந்து எகிறி வெளியே வந்தேன். மீசை முளைத்தவன் எகிறிய எகிறலைப் பூனை பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

"அண்ணி, என்னால முடியாது. அண்ணன் இன்னும் போகல."

"எங்க போகல?"

"இங்கதான் இருக்காரு. வந்து களிம்பு எடுத்துப் போட்டுக்கினு போறாரு. டப்பாவப் பாருங்க."

அண்ணி டப்பாவைப் பார்க்கவில்லை. அறுந்த இழைகளைப் பார்த்தாள்.

"அது நான் எடுக்கறதுப்பா," என்றாள். "ராவுல கைக்குப் போட்டுக்கறேன். நடுவுல அவரு விரல் இருக்குதில்ல, அதுக்குத்தான் ஓரத்துலயே வழிச்சிக்கறேன்."

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கையக் காட்டு." காட்டினேன். விரல் நுனியெல்லாம் செதில் செதிலாக வெடித்து, கோடை ஏரி போலக் கிடந்தது. "ஐயோ, இன்னாத்துல கழுவற?"

"சோடாவுல."

"பட்டு அவிக்கற சோடாவுலயா?"

"ஆமா."

"அடப்பாவி. கைமேல இருக்கற பிசினையும் அவிச்சிட்டியே! தோலு வெடிச்ச எடத்துலதான் இழை மாட்டுது. உங்கண்ணனுக்கு வேற வேல இல்லயா, செத்தும் உன் கையப் பிடிச்சிக்கினு கெடக்கறதுக்கு?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. டப்பாவை எடுத்தாள். ஓரத்தில் வழிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"புடவை எறங்கணும்," என்று சொல்லி, நடுவில் விரலை வைத்து, அந்தத் தடத்தோடு சேர்த்து வழித்து என் உள்ளங்கையில் அப்பினாள்.

நல்லெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி ஆறவைத்த களிம்பு அது. எண்ணெய் பட்டால் பட்டில் கறை விழும்; அதனால் பகலில் தொடக் கூடாது. படுக்கப் போகும்போது வெறும் தண்ணீரில் கையை நனைத்து, ஈரம் காய்வதற்குள் களிம்பைத் தடவி, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். மெழுகு அந்த ஈரத்தை வெளியே விடாது. காலையில் பயத்தமாவு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் தறிக்கு வரவேண்டும். சோடா பக்கமே போகக் கூடாது. விபூதி நெற்றியோடு சரி.

பொங்கலுக்குள் வெடிப்புகள் மூடின. ஒரு காலை பாவை வருடினேன். கையை எடுத்தேன். பாவு இருந்த இடத்திலேயே இருந்தது. நான் கொஞ்சம் காத்திருந்தேன் என்பதையும் மறைப்பானேன். ஒன்றும் பிடிக்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முன்பே புடவை இறங்கியது. முதலாளி அடுத்த பாவையும் அந்த வீட்டுக்கே அனுப்பினார். அண்ணி காலி டப்பாவைக் கழுவிப் புதிதாக மெழுகு உருக்கி ஊற்றினாள். தறிக்குழியில் யாரும் இருக்கவில்லை. என் தோல் வெடித்திருந்தது. வெடிப்பில் பட்டு மாட்டியது.