உட்காராத ஜாகா

பள்ளியில் படிவம் நான்கு படிக்கும்போதே கல்லூரிக் கணக்குப் பாடத்தையும் முடித்துவிட்டால் பல்கலைக்கழகத்தில் இடம் எளிதாகக் கிடைக்கும் என்றார்கள். அதனால் சனிக்கிழமைதோறும் மகளைத் தோட்டத்திலிருந்து செனாவாங் கல்லூரிக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். வகுப்பு நான்காவது மாடியில். கீழே படியோரம் ஒரு ஜாகா காவல் நிற்பார். நரைத்த மீசை, நெற்றி நிறையத் திருநீறு. நாற்காலி இருந்தும் உட்காரமாட்டார். ஏறும் பிள்ளைகளை எண்ணுவார். இறங்கும்போதும் எண்ணுவார்.

"உக்காருங்கண்ணே, கால் வலிக்காதா?" என்றேன் ஒருநாள்.

"ஒரு தடவ உக்காந்துட்டேம்மா. போதும்லா."

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. பேச்சை மாற்றி, மகள் தேறினால் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பாள் என்று முருகனுக்கு நேர்ந்திருப்பதைச் சொன்னேன்.

"நேந்துகிட்டது புள்ளயா, நீங்களா?"

"நான்தான். அவகிட்ட தெனமும் ஞாபகப்படுத்துறேன்."

அவர் மாடியையே பார்த்தார்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கினார்கள். "ஒண்ணு கொறையுது," என்று அவர் மேலே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். திறந்த சன்னலோரம் என் மகள் தனியாக நின்றாள். கையில் திருத்திய தாள், முழுக்கச் சிவப்புக் கோடுகள்.

"முருகன்கிட்ட என்னம்மா சொல்லுவ?" என்றாள்.

பால்குடத்தை நானே எடுப்பதாக அன்றே சாமியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அந்த நாற்காலியில் ஒரு புது ஜாகா உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார். மகளை மேலே அனுப்பாமல் மோட்டாரைத் திருப்பினேன். பழையவரை அப்புறம் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்த அந்த ஒருநாள் இறங்கி வராத பிள்ளை யார் என்று நான் கேட்டதே இல்லை.